கைப்பை விற்கப் போனோம்

மித்தி ஆறு பெரிய ஆறன்று. விகார், பவாய் ஏரிகளில் மிகுந்து வழியும் நீரில் பிறந்து, நகரத்தின் கழிவுகளையெல்லாம் சுமந்துகொண்டு, மாகிம் கழிமுகத்தில் கடலைச் சேரும் சிற்றாறு. 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோதுதான், தங்கள் நகரில் இப்படி ஓர் ஆறு உண்டு என்பதே மும்பைவாசிகள் பலருக்கு நினைவுக்கு வந்தது. இந்த ஆற்றின் வடகரையில் பாந்த்ரா–குர்லா வளாகம் இருக்கிறது. தென்கரையில் தாராவி இருக்கிறது. மும்பைக்கு வரும் உறவினரை நாம் எலிபெண்டாவுக்கும் மகாலட்சுமி கோயிலுக்கும் அழைத்துச் செல்கிறோம். இவ்விரு கரைகளையும் ஒரே நாளில் காட்டுவது வழக்கமில்லை. எங்களுக்கு அந்த வாய்ப்பு அண்மையில் கிட்டியது. காட்சி காணும் எண்ணத்தோடு நாங்கள் புறப்படவில்லை. ஒரு பழைய கைப்பையை விற்க வேண்டியிருந்தது.

பை எங்களுடையதன்று. மாதுங்காவில் பல்லாண்டுகளாக வாழ்ந்துவரும் அம்மையார் ஒருவருடையது. நம் சங்கத்து விழாக்களுக்குத் தவறாமல் வருபவர். 2010-ஆம் ஆண்டு அவருடைய மகனார் துபாயில் உத்தியோகத்தில் அமர்ந்து, அவ்வாண்டுத் தீபாவளிக்குத் தாயாருக்கென்று வாங்கி அனுப்பிய பை அது. பழுப்பு நிறம், மேலெங்கும் பூவும் எழுத்தும் மாறி மாறி அச்சிட்டிருக்கும், இரண்டு கைப்பிடிகள், ஒரு சிறு பித்தளைப் பூட்டு. அம்மையார் அதனைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே சென்றதே இல்லை. ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீதுகள், ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்கள் ஆகியவற்றை அதில் அடுக்கி, இரண்டு அந்துருண்டைகளையும் போட்டு, பீரோவின் மேல் தட்டில் வைத்துவிட்டார். அப்படியே பதினைந்து தீபாவளிகள் கழிந்தன.

இப்போது அவருடைய மகள் வயிற்றுப் பேத்திக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் தவணையைப் பெற்றோர் கட்டிவிட்டார்கள். இரண்டாம் தவணைக்கு முப்பத்தையாயிரம் ரூபாய் குறைந்தது. இருபது நாள் கெடு. மகனிடம் ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே பணம் வந்துவிடும். ஆனால் மகள் வீட்டுக் காரியத்துக்கு மகனிடம் கை நீட்டுவதில்லை என்பது அம்மையார் நெடுங்காலமாகக் காத்துவரும் விரதம். அதன் நியாய அநியாயத்தை இங்கே ஆராய வேண்டுவதில்லை; நம் குடும்பங்களில் இப்படிப்பட்ட விரதங்கள் உண்டு என்பதை வாசகர் அறிவர். "இந்தப் பைக்கு நல்ல விலை உண்டாமே? பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். எங்கே விற்பது என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று அவர் எங்களிடம் கேட்டார். ஒரு சனிக்கிழமை காலையில் மூவருமாகக் கிளம்பினோம்.

முதலில் வடகரைக்குச் சென்றோம். புதிய பையின் விலை தெரியாமல் பழையதற்கு விலை பேசுவது எங்ஙனம்? பாந்த்ரா–குர்லா வளாகம் ஒரு தலைமுறைக்கு முன் சதுப்பு நிலமாகவும் அலையாத்திக் காடாகவும் கிடந்த இடம். அதை மேடாக்கி, தெருக்கள் வகுத்து, கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பியிருக்கிறார்கள். வங்கிகளின் தலைமையகங்களும் வைர வணிகர்களின் பெருஞ்சந்தையும் அங்கே உள்ளன. 2023-ஆம் ஆண்டு நவம்பரில் திறந்த ஜியோ வேர்ல்டு பிளாசா என்னும் அங்காடி மாளிகையும் அங்கேதான் இருக்கிறது. பாரிசிலும் மிலானிலும் பேர்பெற்ற கடைகள் பலவும் அதில் கிளை வைத்துள்ளன. பளிங்குத் தரையில் எங்கள் செருப்பொலி எங்களுக்கே பெரிதாகக் கேட்டது. கடை வாயிலில் நின்ற இளைஞர் மிக மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார்.

பையின் பெயர் லூயி விட்டான் என்று எங்களுக்குத் தெரியும். அதைக் கேட்டதும் அம்மையார், "யார், எதை விட்டான்?" என்று வினவினார். நாங்கள் சிரித்தோம். ஆனால் பிறகு அந்த மனிதரின் வரலாற்றைப் படித்துப் பார்த்தபோது, கேள்வி பொருத்தமானதாகவே தோன்றியது. அவர் வீட்டை விட்டவர்! 1821-ஆம் ஆண்டு பிரான்சின் கிழக்கே ஜூரா மலைப்பகுதியில் ஓர் ஏழைக் குடியில் பிறந்தார். பதின்மூன்று வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டு, வழியில் கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டு, ஏறத்தாழ 470 கிலோமீட்டர் நடந்தே பாரிசு சேர்ந்தார். அங்கே பயணப் பெட்டி செய்யும் ஒருவரிடம் தொழில் கற்று, 1854-இல் தனிக்கடை வைத்தார். அவருடைய பெட்டிகள் புகழ் பெறவே, அவற்றைப் போலப் போலிகள் பெருகின. போலிகளைத் தடுப்பதற்கென்றே அவர் மகன் ஜார்ஜ் 1896-இல் பூவும் எழுத்தும் கலந்த இந்த அச்சை வகுத்தார். இன்று உலகில் மிக அதிகமாகப் போலி செய்யப்படும் அச்சுகளுள் அதுவும் ஒன்று! ஊரை விட்டுப் பிழைக்க வந்த ஒருவர் பெயர் இத்தனை தூரம் நடந்திருக்கிறது என்பதில், நம்மைப் போன்ற குடியேறிகளுக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாவது இயல்புதானே?

கடைப் பெண்மணி பையை வெள்ளைக் கையுறையுடன் வாங்கிப் பார்த்தார். இப்பையின் பெயர் 'ஸ்பீடி' என்றார். 1930-இல் முதன்முதல் செய்யப்பட்ட வகையாம். புதியதன் விலையைச் சொன்னார். அம்மையார் அருகிலிருந்த நாற்காலியில் அமர்ந்துவிட்டார். பழுது பார்த்துத் தருவார்களாம். ஆனால் பழையதைத் திரும்ப வாங்கும் வழக்கமில்லை. உண்மையானதுதான் என்று எழுதித் தரும் வழக்கமும் இல்லை. இப்பெரு நிறுவனங்கள் பொதுவாக இப்படித்தான் நடந்துகொள்கின்றன. தாம் செய்த பொருளைத் தாமே அடையாளம் காட்டுவதில்லை என்பது எங்களுக்கு விந்தையாக இருந்தது.

நம் பெண்டிருக்கு மறுவிற்பனை என்றால் நகைதான் நினைவுக்கு வரும். நகை விற்பதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. தராசில் வைத்தால் எடை தெரியும்; உரைத்தால் மாற்றுத் தெரியும்; அன்றைய விலை நாளிதழில் வந்திருக்கும். இப்போது ஒவ்வோர் உருப்படியிலும் ஆறு எழுத்தெண் கொண்ட அரசு முத்திரையும் இருக்கிறது. வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் போய்விடும்; பொன் நிற்கும். கைப்பையின் கணக்கு இதற்கு நேர்மாறாக இருப்பதைக் கண்டோம். அதில் உருக்கிப் பார்க்கப் பொன் ஏதும் இல்லை. கொடுத்த விலையில் பெரும்பங்கு, நகைக்கடைக் கணக்கில் சொன்னால், செய்கூலியும் சேதாரமுமே. ஆனால் விற்கும்போது நிற்பதும் அதுதான். அந்தப் பெயர்தான் விலை போகிறது. பெயர் மெய்யா பொய்யா என்ற ஐயம் துளி விழுந்தாலும் கையில் எஞ்சுவது துணியும் பித்தளையும்.

பொருளே மட்டமாயிருந்தாலும் பெயருக்கு விலை எவ்வளவு ஏறும் என்பதற்கு 2025 ஜூலை 10-ஆம் நாள் பாரிசில் நடந்த ஏலத்தைச் சொல்லலாம். எர்மெஸ் என்னும் நிறுவனம் நடிகை ஜேன் பர்க்கினுக்காக 1984-ஐ ஒட்டிச் செய்து கொடுத்த முதல் 'பர்க்கின்' பை அன்று ஏறத்தாழ 86 இலட்சம் யூரோவுக்கு, நம் கணக்கில் சுமார் 86 கோடி ரூபாய்க்கு, விலை போயிற்று. அந்தப் பை கீறலும் கறையுமாக இருந்தது. அம்மையார் ஒட்டியிருந்த வில்லைகளின் தழும்பும், வாரில் தொங்கிய நகவெட்டியும் கூட இருந்தன. நடிகையின் கைபட்ட கீறல் விலையை ஏற்றும். மாதுங்கா அம்மையாரின் கைபட்ட கீறல் விலையை இறக்கும். உலகியல் அப்படித்தான் இருக்கிறது.

வளாகத்திலிருந்து தாராவிக்கு இப்போது மெட்ரோ ரயில் உண்டு. மூன்றாம் வழித்தடத்தில் அடுத்த நிலையமே தாராவி. 2025 மே மாதத்தில் அப்பகுதி திறக்கப்பட்டது. ரயில் மித்தி ஆற்றுக்கு அடியில் குடைந்த சுரங்கத்தில் செல்கிறது. மேலே நாற்றமடிக்கும் ஆற்றை அறியாமலே குளிர்பதனப் பெட்டியில் அமர்ந்து சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்தோம். படியேறி வெளியே வந்ததும் வெயிலும் இரைச்சலும் எங்களை எதிர்கொண்டன. அவற்றோடு தமிழும் எதிர்கொண்டது. ஒரு தேநீர்க் கடையில் நெல்லைத் தமிழில் இருவர் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

தாராவியின் தோல் தொழில் வரலாற்றில் நம்மவர் பங்கு முதன்மையானது. முன்பு கோலி மீனவர்களின் சிற்றூராக இருந்த இவ்விடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம் வணிகர்கள் தோல் பதனிடும் கிடங்குகளை அமைத்தார்கள். அவர்களைத் தொடர்ந்து ஆதிதிராவிடத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக வந்தனர். 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயில் இன்றும் அவர்கள் வரவுக்குச் சான்றாக நிற்கிறது. ஆட்டுத் தொட்டி பாந்த்ராவில் இருந்த காலத்தில் பச்சைத் தோல் பக்கத்திலேயே கிடைத்தது. 1971-இல் அது தேவனாருக்கு மாற்றப்பட்டது. பின்னர்ப் பதனிடும் கிடங்குகளும் ஒன்றொன்றாக மூடப்பட்டன. இன்று பெரும்பாலும் பதனிட்டு முடித்த தோல் சென்னை, கல்கத்தா, கான்பூர் ஆகிய ஊர்களிலிருந்து வருகிறது. தாராவியில் வெட்டுகிறார்கள், தைக்கிறார்கள், விற்கிறார்கள். தெருவை நோக்கிய கடைகளில் பைகளும் இடுப்பு வார்களும் சட்டைகளும் தொங்குகின்றன. அவற்றின் பின்னாலும் மாடியிலும் பட்டறைகள் இருக்கின்றன.

இத்தனையும் எத்தனை நாளைக்கு இப்படியே இருக்கும் என்பது வேறு கேள்வி. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் முந்தியது. வீடுதோறும் கணக்கெடுப்பும் நடந்திருக்கிறது. நாங்கள் ஏறிச் சென்ற இரும்பு ஏணியிலேயே ஓர் எண் எழுதப்பட்டிருந்தது.

ஏணியின் மேலே ஆறு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் அறை. பசை வாசனை மூக்கைத் துளைத்தது. ஒருவர் தோலின் ஓரத்தைக் கத்தியால் சீவிச் சீவித் தாள்போல் மெலிதாக்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஓரங்கள் மடிந்து சேருமிடத்தில் தடிப்பு இல்லாமல் இருப்பதற்காக. இன்னொருவர் வெட்டிய ஓரங்களுக்குக் குச்சியால் சாயம் தீட்டிக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் வள்ளியூர்ப் பக்கத்தவர். அறுபது வயதிருக்கும். பையை வாங்கி, முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு கவிழ்த்துப் பார்த்தார்.

"அம்மா, இது தோலே இல்லையே!" என்றார்.

அம்மையாருக்கு முகம் வாடிவிட்டது. "போலியா அண்ணாச்சி?"

"போலின்னு சொல்லலை அம்மா. அசலே இப்படித்தான். உடம்பு முழுக்கப் பருத்தித் துணி, மேலே பூச்சு. கைப்பிடியும் ஓரப் பட்டியும் மட்டும்தான் மாட்டுத் தோல்."

அவர் மேலும் காட்டியவை எங்களுக்குப் புதியவை. பையின் உடல் ஒரே துண்டுத் துணி. முன்பக்கம் தொடங்கி, அடியில் சுற்றி, பின்பக்கம் முடிகிறது. ஆகவே முன்பக்கத்தில் நேராக நிற்கும் எழுத்துகள் பின்பக்கத்தில் தலைகீழாக நிற்கும். எல்லா எழுத்தையும் நேராக நிறுத்த வேண்டுமென்று ஆசைப்பட்ட போலிக்காரன் இங்கே அகப்பட்டுக்கொள்வானாம். கைப்பிடித் தோலுக்குச் சாயம் ஏற்றுவதில்லை. வெயிலும் கைவியர்வையும் பட்டுப் பட்டு நாளடைவில் தேன் நிறம் கொள்ளும். அம்மையாரின் பையில் அது இன்னும் வெளிர் நிறமாகவே இருந்தது. "ஒருநாள்கூடத் தூக்கலை போலிருக்கே!" என்றார் பட்டறைக்காரர். அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை.

கைப்பிடியின் அடியில் ஒரு மழைக்காலப் பூஞ்சைக் கறை இருந்தது. "அறுநூறு ரூபாய் கொடுங்க, ரெண்டு பிடியையும் மாத்தித் தாரேன். ஆம்பூர்த் தோல். அவங்க போட்டதைவிட உழைக்கும்" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆவாரம் பட்டை முதலியவற்றால் பதனிட்ட நம் நாட்டுத் தோலுக்குக் 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயரில் உலகச் சந்தையில் நெடுங்கால மதிப்பு உண்டு. 1978-இல் புதுச்சேரியில் தொடங்கிய ஹைடிசைன் நிறுவனம் அவ்வகைத் தோலைக் கொண்டே பேரெடுத்தது. ஆயினும் பிடியை மாற்ற நாங்கள் சம்மதிக்கவில்லை. காரணம் கொஞ்சம் கசப்பானது. பழைய பை வணிகத்தில், செய்த நிறுவனம் அல்லாத பிறர் கைவைத்த பைக்கு விலை சரிந்துவிடும். பட்டறைக்காரர் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அது சேதமாகவே எண்ணப்படும். கறையோடு இருப்பது அறுநூறு ரூபாய் செலவழித்துக் கறையைப் போக்குவதைவிட இலாபம்!

நாங்கள் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எனக்குத் தெரியாதா அம்மா? இதே மாதிரி ஒண்ணு நாலு நாளிலே தைச்சுடுவேன். அந்தப் பூவை மட்டும் போடமாட்டேன். போட்டா போலீசு வரும்" என்று சிரித்துவிட்டுத் தேநீர் வரவழைத்தார்.

அவர் சொன்னது சட்டப்படி சரி. 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் போலிக் குறியிட்டு விற்போருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு இலட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவு, முறையாக வாங்கிய அசலை மீண்டும் விற்பதற்கு வழிவிடுகிறது. ஆனால் சந்தையில் வந்தபின் பொருளின் நிலை மாற்றப்பட்டிருந்தால் குறியின் உரிமையாளர் ஆட்சேபிக்கலாம். கை தேர்ந்தவருக்கும் பேர் உடையவருக்கும் இடையே உள்ள இந்த வேலி நம் நாட்டில் மட்டும் இருப்பதன்று. 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம் டியோர் நிறுவனத்தின் இத்தாலியக் கிளை ஒன்றைத் தன் மேற்பார்வையில் வைத்தது. 2,600 யூரோவுக்குக் கடையில் விற்ற பைக்கு, தோல் முதலிய பொருள் நீங்கலாக, செய்து கொடுத்த பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ என்று வழக்கு ஆவணங்களிலிருந்து வெளியாயிற்று. மேற்பார்வை 2025-இல் நீக்கப்பட்டது. அந்த 53 யூரோவைக் கேட்டால் வள்ளியூர்க்காரர் என்ன சொல்வார் என்று எண்ணிக்கொண்டே ஏணியில் இறங்கினோம்.

பிற்பகலில் சோர் பஜாருக்கும் ஒரு நடை போய்வந்தோம். கிராண்ட் ரோடு ரயிலடியிலிருந்து நடந்து போகலாம். இரைச்சல் மிகுந்த 'ஷோர்' பஜாரே வெள்ளைக்காரன் வாயில் 'சோர்' ஆயிற்று என்பார்கள், நம்புவோர் நம்பலாம். மட்டன் தெருவில் பழைய கிராமபோன், கப்பல் விளக்கு, சினிமாச் சுவரொட்டி எல்லாம் குவிந்திருக்கும். பார்க்க வேண்டிய இடந்தான். ஆனால் எங்கள் காரியத்துக்கு உதவவில்லை. ஒருவர் பையைத் தொட்டுக்கூடப் பாராமல், "ஃபர்ஸ்ட் காப்பி, எண்ணூறு தருகிறேன்" என்றார். அம்மையார் எங்களைத் திரும்பிப் பார்த்து, "காப்பி கொடுக்கிறாரா என்ன?" என்றார். மாதுங்காக்காரருக்கு ஃபர்ஸ்ட் காப்பி என்றால் முதல் டிகாஷன்தானே! அசலுக்கு மிக நெருங்கிய போலிக்கு இந்நகரில் அதுதான் பெயர் என்று விளக்கினோம். பதினைந்து ஆண்டுகள் பீரோவில் வைத்துக் காத்த பொருளை எண்ணூறு ரூபாய் என்று கேட்டவரிடம் அவர் பதில் சொல்லவே விரும்பவில்லை. விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார்.

இறுதியாக, பழைய பைகளையே வாங்கி விற்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றி நண்பர் ஒருவர் சொல்ல, மறுவாரம் அங்கே சென்றோம். பாந்த்ராவில் ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடி. பெயர்ப்பலகைகூட இல்லை. உள்ளே அலமாரிகளில் பைகள், சுவாமி அறைப் படங்கள் போல, ஒவ்வொன்றும் தனி விளக்கின்கீழ் வீற்றிருந்தன. வயதில் சிறிய பெண் ஒருவர் பையைச் சோதித்தார். அவர் செய்ததை வாசகருக்குப் பயன்படுமென்று விரித்தெழுதுகிறோம்.

பையின் உட்பக்கத்தில், ஒரு சிறு தோல் நாக்கில், இரண்டு எழுத்துகளும் 2140 என்ற எண்ணும் அச்சாகி இருந்தன. இதைப் பலர் பையின் தனி எண் என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அது தேதிக் குறி. எழுத்துகள் பட்டறையைக் குறிக்கும். எண்களில் முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் 24. இரண்டாவதும் நான்காவதும் சேர்ந்தால் 10. அதாவது 2010-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்த பை. 2007-க்குப் பிந்திய பைகளுக்கு இந்தக் கணக்கு. அதற்கு முந்தியவற்றில் வாரத்துக்குப் பதில் மாதம். 2021 முதல் இந்தக் குறியே இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத மின்னணுச் சில்லு ஒன்றை உள்ளே வைத்துவிடுகிறார்கள். குறி இருப்பதாலேயே பை அசலாகிவிடாது. போலிக்காரரும் குறி அடிக்கத் தெரிந்தவரே. ஆனால் பொருந்தாத குறி இருந்தால் போலி என்று உடனே தள்ளிவிடலாம். 2140 தீபாவளிக் கதையோடு பொருந்தியது. அடுத்து, கைபேசியோடு பொருத்திய ஒரு நுண்ணோக்கியால் துணியையும் தையலையும் அச்சையும் பற்பல இடங்களில் படமெடுத்தார். ஆயிரக்கணக்கான அசல், போலிப் படங்களோடு கணினி அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறது. சில நிமிடங்கள் காத்திருந்தோம். அம்மையார் உதடுகள் அசைந்தன. என்ன ஸ்லோகம் என்று நாங்கள் கேட்கவில்லை. அசல் என்று முடிவு வந்தது.

ஆனால் விலை உடனே வரவில்லை. அந்துருண்டை வாசனைக்கு ஒரு கழிவு. பித்தளை மங்கியதற்கு ஒரு கழிவு. பூஞ்சைக் கறைக்கு ஒரு கழிவு. கைப்பிடி வெளுப்பாக இருந்ததற்குச் சிறிது கூடுதல். "ரசீது இருக்கிறதா ஆன்டி?" என்று கேட்டார் அந்தப் பெண். ரசீது இல்லையென்றால் கைக்குக் கை இருபத்து நான்காயிரம், இருந்தால் முப்பத்தோராயிரம். அல்லது பையை அவர்களிடமே விட்டுவைத்தால் 52,000 என்று விலை குறித்து விற்றுத் தருவார்கள். அதில் நூற்றுக்கு 25 அவர்களுக்குத் தரகு. தரகின்மேல் நூற்றுக்கு 18 ஜி.எஸ்.டி. கூட்டிக் கழித்தால் அம்மையார் கைக்கு வருவது 36,660. ஆனால் அது எந்த மாதம் விற்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கல்லூரி வைத்த கெடுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாளே இருந்தது.

ரசீது மகனிடம் இருக்கிறது. கேட்டால் ஏன் என்பார்.

அம்மையார் சற்று நேரம் பையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். ஏழாயிரம் ரூபாய் பெரிதா, மகனுக்குத் தெரியாமலிருப்பது பெரிதா என்று அவர் மனம் ஊசலாடியது எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பிறகு அவரே கைபேசியை எடுத்தார். துபாயில் அப்போது பகல் பன்னிரண்டு மணி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். மறுமுனையில் பேச்சு நின்றுபோயிற்று. பிறகு, "ஒருநாளாவது அதைக் கையில் எடுத்தாயா அம்மா?" என்று மகனார் கேட்டது எங்கள் காதுவரை கேட்டது.

"எடுக்காமலென்ன? வரி ரசீதெல்லாம் அதில்தானே வைத்திருந்தேன். ஒரு காகிதம் தொலையவில்லை" என்றார் அம்மையார்.

பணம் அனுப்புவதாக அவர் வற்புறுத்தினார் போலும். "அது வேறு, இது வேறு. நீ கொடுத்த பொருள் என்னுடையது. என்னுடையதை என் பேத்திக்குக் கொடுக்கிறேன். ரசீதை மட்டும் அனுப்பு" என்று அம்மையார் பேச்சை முடித்தார். பத்து நிமிடத்தில் ரசீதின் படம் வந்தது. மகனார் அதனைப் பதினைந்து ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தியிருந்தார். தாயைப் போலவே காகிதம் தொலைக்காத பிள்ளை.

அதன்பின் அம்மையார் பேரம் பேசிய அழகை எழுத இடம் போதாது. மாதுங்கா சந்தையில் ஐம்பதாண்டு கத்தரிக்காய் வாங்கிய அனுபவம் வீண்போகவில்லை. பூட்டுக்குச் சாவி இரண்டும் இருக்கின்றன, பை வந்த துணி உறையும் பீரோவில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வெளியிட்டார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெண் கேட்டதற்கு, "நீ முதலில் விலையைச் சொல்லு என்று இருந்தேன்" என்றார். முப்பத்து மூவாயிரத்தில் முடிந்தது. பணம் வங்கிக் கணக்குக்கு அன்றே வந்துவிட்டது. எஞ்சிய இரண்டாயிரம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து வந்தது.

இவ்வகைப் பையை விற்க எண்ணும் சகோதரிகள் வருமான வரி பற்றியும் கேட்கக்கூடும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பண்டத்தை விற்றால், நகை, ஓவியம், சிற்பம் முதலிய சில நீங்கலாக, மூலதன ஆதாய வரி இல்லை. கைப்பை அந்தச் சிலவற்றுள் சேராது. ஆனால் அடிக்கடி வாங்கி விற்றால் அது வியாபாரமாகக் கருதப்படும்.

கல்லூரிக் கட்டணத்தை நான்கு நாள் முன்னதாகவே கட்டிவிட்டார்கள். சென்ற வாரம் அம்மையார் வீட்டுக்குச் சென்றபோது அந்த ரசீதை எங்களிடம் காட்டினார். ரேஷன் அட்டை, வரி ரசீதுகள், காப்பீட்டுப் பத்திரங்கள் எல்லாவற்றோடும் அதையும் சேர்த்து, ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த மஞ்சள் பையில் வைத்திருக்கிறார். அந்துருண்டை இம்முறை ஒன்றுதான்.